1940 ஜூன் 8: குளோரியஸ், ஆர்டென்ட், அகாஸ்டா கப்பல்களின் இழப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அன்று என்ன நடந்தது?

1940 ஜூன் 8 மாலை, நார்வேக்கு மேற்கே ஆர்க்டிக் வட்டத்துக்குள் அமைந்த கடற்பரப்பில், பிரிட்டிஷ் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பலான குளோரியஸும், அதற்குத் துணையாகச் சென்ற ஆர்டென்ட், அகாஸ்டா என்னும் இரண்டு நாசகாரிக் கப்பல்களும், ஷார்ன்ஹார்ஸ்ட், க்னைசெனாவ் என்ற இரண்டு ஜெர்மன் போர்க்கப்பல்களிடம் சிக்கி மூழ்கடிக்கப்பட்டன. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று கப்பல்களும் கடலுக்குள் போய்விட்டன. இறந்தவர்கள் 1,500 பேருக்கும் மேல். உயிர் பிழைத்தவர்கள் ஏறத்தாழ 40 பேர்.

ஒரு விமானந்தாங்கிக் கப்பலைப் பீரங்கிக் கப்பல்கள் துரத்திப் பிடித்து மூழ்கடிப்பது கடற்போர் வரலாற்றில் மிக அரிது. பல நூறு மைல் கடலை மேலிருந்து பார்க்கக்கூடிய விமானங்களைச் சுமந்து செல்லும் கப்பல், பகைவன் வருவதைக் கண்ணுக்கெட்டும் தொலைவுக்கு வந்த பிறகுதான் அறிந்தது என்பதே இந்த நிகழ்ச்சியின் புதிர்.

இந்தக் கப்பல்கள் அங்கே எதற்காகச் சென்றிருந்தன?

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி நார்வேமீது படையெடுத்தது. மே 28 அன்று நேச நாட்டுப் படைகள் வடக்கே நார்விக் துறைமுகத்தை மீட்டன. ஆனால் அதற்குள் பிரான்சில் போர்முனை சரிந்துவிட்டதால், மீட்ட ஊரைக் கைவிட்டுவிட்டு ஜூன் முதல் வாரத்தில் ஏறத்தாழ 24,500 வீரர்களைத் துருப்புக் கப்பல்களில் ஏற்றித் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. குளோரியஸ், ஆர்க் ராயல் ஆகிய இரு விமானந்தாங்கிக் கப்பல்களும் அந்தப் பணிக்கு வான் பாதுகாப்பு அளித்தன.

நார்வேயில் இருந்த ஹரிக்கேன், கிளாடியேட்டர் போர் விமானங்களை எரித்துவிட்டு வரும்படி முதலில் சொல்லப்பட்டிருந்தது. ஹரிக்கேன்களில் கப்பல் தளத்தில் இறங்குவதற்குரிய கொக்கி கிடையாது. அத்தகைய வேக விமானம் எதுவும் அதுவரை கப்பலில் இறங்கியதும் இல்லை. ஸ்குவாட்ரன் லீடர் கென்னத் கிராஸின் தலைமையிலான விமானிகள், விமானத்தின் வால் பகுதியில் மணல் மூட்டை வைத்துச் சமன்செய்து, எல்லா விமானங்களையும் குளோரியஸின் தளத்தில் பத்திரமாக இறக்கினார்கள். மறுநாளே அத்தனை விமானங்களும் கப்பலோடு மூழ்கின. அவற்றை இறக்கிய விமானிகளில் கிராஸும் பேட்ரிக் ஜேம்சனும் மட்டுமே உயிர் தப்பினர்.

குளோரியஸ் ஏன் பெரிய அணியைவிட்டுத் தனியாகப் புறப்பட்டது?

எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். ஜூன் 8 விடியற்காலை, ஆர்க் ராயலில் இருந்த வைஸ் அட்மிரல் வெல்ஸிடம் அனுமதி பெற்று, குளோரியஸ் இரண்டே நாசகாரிகளுடன் ஸ்காபா ஃப்ளோ தளத்தை நோக்கிப் பிரிந்து சென்றது. துருப்புக் கப்பல்களோடும் ஆர்க் ராயலோடும் சேர்ந்து சென்றிருந்தால் அதற்கு இந்தக் கதி நேர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு.

அரசு சொல்லிவரும் காரணம் எரிபொருள் பற்றாக்குறை. போருக்குப் பின் வெளிவந்த அதிகாரபூர்வ வரலாறும் அதையே எழுதியது. ஆனால் அனுமதி கேட்டு அனுப்பிய செய்தியைக் கண்ட மற்றொரு கப்பலினர் நினைவுகூர்ந்தது வேறு: நடக்கவிருக்கும் கோர்ட் மார்ஷல் என்னும் ராணுவ நீதிமன்ற விசாரணைகளுக்கு ஆயத்தம் செய்வதற்காக முன்கூட்டிச் செல்ல வேண்டும் என்றே அந்தச் செய்தி கேட்டதாம்.

அந்த விசாரணையின் பின்னணி இது. குளோரியஸின் கேப்டன் கை டோய்லி-ஹியூஸ் முதல் உலகப் போரில் நீர்மூழ்கியில் பணியாற்றியவர்; துருக்கியக் கரைக்குத் தனியே நீந்திச் சென்று ரயில் பாதையை வெடிவைத்துத் தகர்த்தவர்; அஞ்சாமைக்காகப் பதக்கங்கள் பெற்றவர். கப்பலின் வான் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் கமாண்டர் ஹீத். மே மாதக் கடைசியில், கரையில் தெளிவாகக் குறிக்கப்படாத இலக்குகளைத் தாக்க மெதுவாகப் பறக்கும் ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்களை அனுப்பும்படி கேப்டன் உத்தரவிட, அவை அதற்கு ஏற்றவை அல்ல என்று ஹீத் மறுத்துரைத்தார். கேப்டன் அவரைப் பதவியிலிருந்து நீக்கி, விசாரணையை எதிர்நோக்கிக் கரையிலேயே இருக்கும்படி ஸ்காபாவில் இறக்கிவிட்டார். கப்பல் போன பிறகு அந்த விசாரணை நடக்கவே இல்லை.

எரிபொருள் என்ற விளக்கம் பொய்யா?

பொய் என்று சொல்லிவிட முடியாது. போதாது என்று சொல்லலாம். குளோரியஸ் பழைய கப்பல், எண்ணெயை ஏராளமாகக் குடிக்கும் கப்பல். விமானங்களை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் காற்றுக்கு எதிரே திரும்பி வேகமெடுக்க வேண்டியிருந்ததால், அணியுடன் சேர்ந்து சென்று தொடர்ந்து பறப்புப் பணியும் செய்ய அதனிடம் இருந்த எண்ணெய் கைகொடுத்திருக்காது என்று அரசுத் தரப்பினர் வாதிடுகிறார்கள். தளத்தை அடையும்போது அவசரத் தேவைக்குக் கணிசமான இருப்பு மிஞ்ச வேண்டும் என்ற விதியும் அப்போது இருந்தது. இவை அனைத்தும் நியாயமான வாதங்களே.

மறுபக்கம், பறப்புப் பணியை ஆர்க் ராயலிடம் விட்டுவிட்டு, தொடரணியின் மெதுவான வேகத்திலேயே குளோரியஸும் சென்றிருக்கலாமே என்ற எளிய கேள்விக்கு அந்த வாதத்தில் பதில் இல்லை. இதைக் கேட்டவர்கள் சாமானியர்கள் மட்டுமல்லர். அந்த நாளில் பிரதமராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலே, பின்னாளில் போரின் வரலாற்றை எழுதியபோது, எரிபொருள் காரணம் நம்பும்படியாக இல்லை, எல்லாக் கப்பல்களும் ஒன்றாகவே வந்திருக்க வேண்டும் என்ற பொருளில் எழுதினார். நாட்டின் தலைமைப் பொறுப்பில் இருந்தவரே ஏற்காத விளக்கத்தை அவருடைய கடற்படை அமைச்சகம் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. 1999 ஜனவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையில் இது விவாதத்துக்கு வந்தபோதும் அரசுத் தரப்பின் நிலை மாறவில்லை.

எரிபொருளும் விசாரணையும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல என்பது பலரும் கவனிக்கத் தவறும் செய்தி. எண்ணெய் குறைவாக இருந்ததும் உண்மையாக இருக்கலாம், விசாரணைக்காகக் கேப்டன் அவசரப்பட்டதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அனுமதி கேட்டவர் என்ன காரணம் சொன்னார், அனுமதி தந்தவர் அதைப் போதுமானதாக ஏற்றது ஏன் என்பவை தனித்தனிக் கேள்விகள். இரண்டாவது கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதில்லை.

லூலியோ திட்டம் என்று ஒரு புதிய விளக்கம் சொல்லப்படுகிறதே?

ஸ்வீடனின் லூலியோ துறைமுகத்திலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற இரும்புத் தாதுவைத் தடுக்க, விமானங்கள் மூலம் கடற்கண்ணிகளை இட வேண்டும் என்று ‘ஆபரேஷன் பால்’ என்ற பெயரில் ஒரு திட்டம் அப்போது இருந்தது. ஸ்வீடன் நடுநிலை நாடு என்பதால் அது மறைவாக வைக்கப்பட்டது. அந்தத் திட்டத்துக்கு ஆயத்தமாகவே குளோரியஸ் விரைந்து திரும்ப வேண்டியிருந்தது என்று அண்மை ஆண்டுகளில் வாதிடுகிறார்கள். திட்டம் இருந்தது உண்மை. அன்று விடியற்காலை கப்பல் பிரிந்ததற்கு அதுவே காரணம் என்பது ஊகம்.

விமானங்களை ஏன் பறக்கவிடவில்லை?

தனியே சென்றதைவிட இதுதான் பெரிய பிழை என்று கருத இடமுண்டு. அன்று வானம் தெளிந்து, வெகுதூரம் பார்க்கக்கூடியதாக இருந்தது; அந்தப் பருவத்தில் அந்த அட்சரேகையில் இரவு என்பதே இல்லை. அப்படியிருந்தும் ஒரு விமானம்கூடக் காவல் பறப்பில் இல்லை. தளத்தில் உடனே எழும்பத் தயாராகவும் எதுவும் நிறுத்தப்படவில்லை. பாய்மரத்தின் உச்சியிலிருந்த கண்காணிப்புக் கூண்டிலும் ஆள் இல்லை. ராடார் இந்தக் கப்பலில் பொருத்தப்பட்டிருக்கவில்லை. பதினெட்டுக் கொதிகலன்களில் பன்னிரண்டு மட்டுமே சூடாக்கப்பட்டிருந்ததால், 17 நாட் (மணிக்குச் சுமார் 31 கிலோமீட்டர்) வேகத்திலிருந்து முழு வேகத்தை உடனே எட்டவும் வழியில்லை.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் உண்டு. நார்வேயிலிருந்து வந்த பிரிட்டிஷ் போர் விமானங்களும் ஏறியிருந்ததால் கப்பலில் இடநெருக்கடி இருந்தது. பல நாட்களாக ஓய்வின்றிப் பறந்த விமானிகள் களைத்துப்போயிருந்தார்கள். பெரிய ஜெர்மன் கப்பல்கள் அந்தப் பக்கம் வரும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கூண்டில் ஒரு காவலாளியை நிறுத்த விமானமும் வேண்டாம், விமானியும் வேண்டாம். அந்த ஒரு செய்தியே கப்பலின் அன்றைய மனநிலையைக் காட்டிவிடுகிறது.

மாலை 4 மணியளவில் மேற்கே இரண்டு கப்பல்கள் தெரிந்தபோது, அவை யாருடையவை என்று பார்த்துவர ஆர்டென்ட் அனுப்பப்பட்டது. ஸ்வார்ட்ஃபிஷ்களை மேலே கொண்டுவரும்படி உத்தரவு பிறந்தது. அவை எழும்புவதற்குள் ஷார்ன்ஹார்ஸ்ட் சுமார் 24 கிலோமீட்டர் தொலைவிலிருந்து சுட்ட குண்டு தளத்தைத் துளைத்துவிட்டது. கடற்பீரங்கி வரலாற்றில் நகரும் இலக்கின்மீது மிக நீண்ட தொலைவில் பட்ட குண்டுகளில் அதுவும் ஒன்று. அதன்பின் தளம் இருந்தும் பயனில்லை. சிறிது நேரத்தில் மற்றொரு குண்டு கட்டளை மேடையைத் தாக்கியதில் கேப்டனும் அவருடன் இருந்தவர்களில் பெரும்பாலோரும் மடிந்தனர்.

அப்படியானால் முழுப் பழியும் கேப்டனுடையதா?

அவருடைய முடிவுகள் பலவற்றை ஆதரிப்பது கடினம். ஆயினும் அவர் இறந்துவிட்டார். கப்பலின் பதிவேடுகளும் அவரோடு போயின. தம் தரப்பைச் சொல்ல அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு மனிதரின் முரட்டுச் சுபாவத்தில் ஏற்றிவிடுவது, அவருக்கு மேலே இருந்த அமைப்புக்கு வசதியான முடிவு. வெல்ஸ் அனுமதித்தார். உளவுத் தகவல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டியில் தேங்கிக் கிடந்தது. துருப்புக் கப்பல்கள் திரும்பும் வழியில் போர்க்கப்பல் காவலை வலுப்படுத்தாததும் அவர் செய்ததல்ல.

முன்னெச்சரிக்கை கிடைக்கவே இல்லையா?

கிடைத்தது, பயன்படுத்தப்படவில்லை. பிரிட்டனின் சங்கேதக் குறியீடுகளை உடைக்கும் மையமான ப்ளெட்ச்லி பார்க்கில் பணியாற்றிய ஹாரி ஹின்ஸ்லி அப்போது 21 வயது இளைஞர், கேம்பிரிட்ஜ் மாணவர். ஜெர்மன் கடற்படையின் வானொலிச் செய்திகளின் உள்ளடக்கம் புரியாதபோதும், எங்கிருந்து எங்கே எவ்வளவு போக்குவரத்து நடக்கிறது என்பதைக் கொண்டே, பெரிய கப்பல்கள் பால்டிக்கிலிருந்து வெளியேறுகின்றன என்று அவர் கணித்தார். அதை அட்மிரால்டியின் உளவுப் பிரிவுக்குத் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்லியும், கடலில் இருந்த கப்பல்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் அளவுக்கு அவர்கள் அதை நம்பவில்லை. கப்பல்கள் போன பிறகுதான் அவருடைய சொல்லுக்கு மதிப்பு வந்தது.

இன்னொரு வாய்ப்பும் தவறியது. அதே நாள் காலை, அட்மிரல் வில்ஹெல்ம் மார்ஷலின் ஜெர்மன் அணி ஆயில் பயனியர் என்ற எண்ணெய்க் கப்பலையும் ஒராமா என்ற துருப்புக் கப்பலையும் மூழ்கடித்திருந்தது. அருகில் இருந்த மருத்துவமனைக் கப்பல் அட்லாண்டிஸை, போர் விதிப்படி ஜெர்மானியர்கள் தொடவில்லை. அதே விதிப்படி அட்லாண்டிஸும் வானொலியைப் பயன்படுத்தவில்லை. மறுநாள் வேலியன்ட் போர்க்கப்பலை நேரில் சந்தித்தபோதுதான் அது செய்தியைச் சொன்னது. விதியை இரு தரப்பும் நேர்மையாகக் காத்ததே குளோரியஸுக்கு எமனாயிற்று.

டெவன்ஷயர் கப்பலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வைஸ் அட்மிரல் ஜான் கன்னிங்ஹாமின் கொடிக்கப்பலான டெவன்ஷயர், ஜூன் 7 அன்று ட்ரோம்சோவிலிருந்து நார்வே மன்னர் ஏழாம் ஹாகோனையும் அவருடைய அமைச்சர்களையும் ஏற்றிக்கொண்டு பிரிட்டனுக்குச் சென்றுகொண்டிருந்தது. குளோரியஸின் அபயக் குரல் அதற்கு எட்டியது. அதிகாரபூர்வக் கூற்றுப்படி, அது அரைகுறையாகவும் பொருள் விளங்காததாகவும் இருந்தது. பின்னாளில் டெவன்ஷயரில் பணியாற்றிய சிலர், செய்தி போதுமான அளவுக்குத் தெளிவாகவே வந்தது என்றும், அதன்பின் கப்பலின் வேகம் கூட்டப்பட்டது என்றும் சொன்னார்கள். இரு கப்பல்களுக்கும் இடையே இருந்த தூரத்தைப் பற்றிய கணக்குகளும் ஒத்துப்போவதில்லை.

மன்னரை ஏற்றிவந்த ஒற்றைக் கப்பல், இரண்டு பெரும் போர்க்கப்பல்களை எதிர்க்கத் திரும்பிச் சென்றிருக்க வேண்டும் என்று நியாயமாக எவரும் கேட்க முடியாது. வானொலி மௌனத்தைக் கலைத்தால் மன்னரின் இருப்பிடம் வெளிப்பட்டிருக்கும் என்பதும் உண்மையே. ஆனால் ஆபத்தான கடற்பகுதியைக் கடந்த பிறகாவது அந்தச் செய்தி ஏன் அட்மிரால்டியை அடையவில்லை? என் பார்வையில், இந்த விவகாரம் முழுவதிலும் பதில் கிடைக்காத கேள்விகளில் மிகக் கனமானது இதுதான். ஏனென்றால் கப்பலைக் காப்பாற்றும் நேரம் கடந்துபோன பிறகும், மனிதர்களைக் காப்பாற்றும் நேரம் இரண்டு நாட்களுக்கு மேல் மிச்சமிருந்தது.

தண்ணீரில் இறந்தவர்கள் எத்தனை பேர்?

குளோரியஸிலிருந்து மட்டும் ஏறத்தாழ 900 பேர் உயிரோடு கப்பலைவிட்டு இறங்கியிருக்கலாம் என்று கணிக்கப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றவை குண்டுகளல்ல. குளிரும் தாகமும் தாமதமுமே. மிதவைகளில் உணவோ குடிநீரோ இல்லை. முதல் இரவிலேயே பலர் விறைத்து இறந்தார்கள். குறுக்கே கப்பல்கள் சென்றதையும் விமானங்கள் பறந்ததையும் பிழைத்தவர்கள் பின்னர் நினைவுகூர்ந்தார்கள். அவற்றில் எதுவும் அவர்களைத் தேடி வந்ததல்ல, தேட வேண்டும் என்றே எவருக்கும் தெரியாது. ஜெர்மன் வானொலி வெற்றியை அறிவித்தபோதுதான் லண்டனுக்கு நிலைமை உறைத்தது.

ஜெர்மன் கப்பல்களும் எவரையும் மீட்காமலே சென்றுவிட்டன. ஷார்ன்ஹார்ஸ்ட் சேதமடைந்திருந்தது, வேறு தாக்குதல் வரலாம் என்ற அச்சமும் இருந்தது. கிட்டத்தட்ட மூன்று நாட்களுக்குப் பிறகு, தற்செயலாக அவ்வழியே வந்த நார்வேயின் போர்குண்ட் என்ற சிறு கப்பல் மிதவைகளைக் கண்டு, பிழைத்திருந்தவர்களைப் ஃபேரோ தீவுகளில் கொண்டுசேர்த்தது. மற்றொரு நார்வே கப்பல் மீட்ட சிலர், நார்வேக்கே திரும்ப நேர்ந்ததால் ஜெர்மானியரிடம் போர்க் கைதிகளானார்கள்.

ஆர்டென்ட், அகாஸ்டா என்ன செய்தன?

தப்பித்துப் போயிருக்கலாம், போகவில்லை. இரண்டும் குளோரியஸை மறைக்கப் புகைத்திரை எழுப்பின. லெப்டினன்ட் கமாண்டர் ஜான் பார்க்கரின் ஆர்டென்ட் டார்ப்பிடோக்களை ஏவிக்கொண்டே நெருங்கிச் சென்று முதலில் மூழ்கியது. குளோரியஸும் சாயத் தொடங்கியபோது, கமாண்டர் சார்லஸ் கிளாஸ்ஃபர்டின் அகாஸ்டா, தன் புகைக்குள்ளிருந்து வெளிவந்து ஷார்ன்ஹார்ஸ்டை நோக்கித் திரும்பியது. நாம் ஓடுகிறோம் என்று நினைக்காதீர்கள், நம்மால் இயன்ற அளவு அடித்துவிட்டே போகலாம் என்ற பொருளில் கிளாஸ்ஃபர்ட் தம் ஆட்களிடம் பேசியதை, அந்தக் கப்பலில் பிழைத்த ஒரே மாலுமியின் சாட்சியத்திலிருந்து அறிகிறோம். அகாஸ்டாவின் டார்ப்பிடோ ஒன்று ஷார்ன்ஹார்ஸ்டின் பின்புறப் பீரங்கி மேடை அருகே வெடித்தது. ஜெர்மானியரில் ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள்.

அந்த ஒரு டார்ப்பிடோவினால் ஜெர்மன் அணி வேட்டையைக் கைவிட்டுத் ட்ரோன்ட்ஹைம் துறைமுகத்துக்கு ஒதுங்கியது. பின்னால் வந்துகொண்டிருந்த துருப்புக் கப்பல்களில் ஆயிரக்கணக்கான வீரர்கள் இருந்தார்கள் என்பதை வைத்துப் பார்த்தால், இந்த இரண்டு சிறு கப்பல்கள் காப்பாற்றிய உயிர்கள் எத்தனை என்பது புரியும். அப்படியிருந்தும் இரு தளபதிகளுக்கும் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை வழங்கப்படவில்லை. ஒவ்வொரு கப்பலிலும் ஒரே ஒருவர் பிழைத்த நிலையில், வீரத்துக்குச் சாட்சி சொல்லவும் ஆள் இல்லாமல் போயிற்று.

வென்றவர்களுக்குப் பாராட்டுக் கிடைத்ததா?

முழுமையாகக் கிடைக்கவில்லை. ஹார்ஸ்டாட் துறைமுகத்தைத் தாக்கும்படி அனுப்பப்பட்டிருந்த மார்ஷல், கடலில் கண்ட கப்பல்களைத் தேடிச் சென்றார். இரண்டு பெரும் கப்பல்களில் ஒன்று சேதமடைந்து திரும்பியதும் மேலிடத்தின் கண்டனத்துக்கு ஆளானார். விரைவில் அவருடைய இடத்துக்கு வேறொரு ஜெர்மன் அட்மிரலான லுட்யென்ஸ் வந்தார்.

இவ்வளவு பெரிய இழப்பு ஏன் பரவலாகத் தெரியவில்லை?

டன்கர்க் மீட்பு ஜூன் 4 அன்று முடிந்தது. ஜூன் 10 அன்று இத்தாலி போரில் இறங்கியது. ஜூன் 14 அன்று பாரிஸ் வீழ்ந்தது. அந்த இரண்டு வாரங்களில் வேறு எந்தச் செய்திக்கும் இடமில்லை. இழப்பை ஆராய்ந்த விசாரணைக் குழு, பிழைத்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனையிலோ கைதி முகாமிலோ இருந்த நேரத்தில் அவசரமாகக் கூடியது. அதன் பதிவுகள் நெடுங்காலம் பொதுமக்களின் பார்வைக்கு வரவில்லை. போர் முடிந்த பிறகு நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்விகளுக்கும் பழைய விடையே கிடைத்தது. குடும்பங்களுக்குச் சென்றது காணாமற்போனார் என்ற தந்தி மட்டுமே.

இறந்தோர் எண்ணிக்கை ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

பெரும்பாலும் குறிப்பிடப்படும் கணக்கு 1,519: குளோரியஸில் 1,207, அகாஸ்டாவில் 160, ஆர்டென்டில் 152. கடைசி நேரத்தில் ஏறிய விமானப்படையினரையும், மீட்கப்பட்ட பின் இறந்தவர்களையும் எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பதைப் பொறுத்துச் சிறு வேறுபாடுகள் வருகின்றன.

இறந்தவர்களை எங்கே, எப்படி நினைவுகூர்கிறார்கள்?

மாலுமிகளின் பெயர்கள் பிளிமத் முதலிய ஊர்களில் உள்ள கடற்படை நினைவுச் சின்னங்களிலும், விமானப்படையினரின் பெயர்கள் ரன்னிமீட் நினைவகத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. நார்வேயின் ஹார்ஸ்டாட் நகரிலும் ஒரு நினைவுக் கல் உண்டு. மூன்று கப்பல்களின் பெயரிலும் பிழைத்தவர்களும் உறவினர்களும் அமைத்த சங்கம், ஜூன் 8ஐ ஒட்டி நினைவுக் கூட்டம் நடத்திவருகிறது. பிழைத்தவர்கள் மறைந்த பிறகு, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதை ஏற்று நடத்துகிறார்கள். டெவன்ஷயரின் செய்தி குறித்தும் விடியற்காலை அனுமதி குறித்தும் கடற்படையிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பவர்களும் அவர்களே.